அளக்காமல் ஏற்றாதீர்கள்: காக்ளியர் இம்பிளான்ட் மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

காக்ளியர் இம்பிளான்ட் (உள்செவியில் பொருத்தி, செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்க வைக்கும் கருவி) மையப் பொறுப்பாளர்களுக்கும், மேப்பிங் (ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி தூண்டல் அளவுகளை அமைப்பது) செய்யும் ஆடியாலஜிஸ்ட்களுக்கும் வணக்கம்.

அண்மையில் பார்த்த ஒரு மேப் தாள்தான் இதை எழுத வைத்தது. இரண்டு வயதுக் குழந்தை. உள்செவியில் இருக்கும் 22 எலக்ட்ரோடுக்கும் சி லெவல் (உறுத்தாமல் கேட்கக்கூடிய அதிகபட்சத் தூண்டல்) ஒரே எண். நான்கு மேப்பிங்கிலும் மொத்தமாக ஐந்தைந்து யூனிட் ஏற்றியிருக்கிறார்கள். பலத்த தூண்டலுக்கு நடுச்செவித் தசை சுருங்கும் ரிஃப்ளெக்ஸ் அளவு எழுத வேண்டிய கட்டம் காலி.

அந்த வயதில் குழந்தை "சத்தம் போதும்" என்று சொல்லாது. தலையில் ஒட்டியிருக்கும் காயிலைப் பிடுங்கி எறியும். கொஞ்சம் கவனித்தால் தெரியும்: பிராசசரை (வெளியே அணியும் கருவி) மாட்டியதும் எறிவதில்லை. பாத்திரம் விழும்போது, பக்கத்தில் யாராவது கைதட்டும்போது, கண்ணை இறுக்கிக்கொண்டு எறியும். சி லெவல் எல்லை தாண்டியிருக்கிறதா என்று உடனே சந்தேகப்பட வேண்டிய இடம் அது. அதைப் பிடிவாதம் என்று சொல்லி, கழற்ற முடியாதபடி தலைப்பட்டை கட்டி அனுப்புவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

கேட்பது ஒன்றுதான்: சொல்லத் தெரியாத குழந்தைக்கு அளக்காமல் சி லெவலை ஏற்றாதீர்கள்.

டெலிமெட்ரியில் (உள்ளிருக்கும் கருவியே அனுப்பும் அளவீடு) ஈகேப் (தூண்டலுக்குச் செவி நரம்பு தரும் மின் பதில்) எடுத்தோமே என்பீர்கள். அது நரம்பு பதில் தருவதைக் காட்டும். எலக்ட்ரோடுகளுக்கிடையே உள்ள ஏற்ற இறக்கத்தையும் ஓரளவு காட்டும். ஆனால் வினாடிக்கு 80 பல்ஸ் போன்ற மெதுவான வேகத்தில் எடுத்த த்ரெஷோல்டை (நரம்பின் பதில் தொடங்கும் அளவு), 900 பல்ஸில் ஓடும் மேப்பில் அப்படியே போட முடியாது. சிலருக்கு அது டி லெவலுக்கு (சத்தம் கேட்கத் தொடங்கும் அளவு) பக்கத்தில் நிற்கும், சிலருக்கு சி லெவலையே தாண்டும்.

சி லெவலுக்கு நெருங்கி நிற்பது நடுச்செவித் தசையின் அந்த ஸ்டேபீடியஸ் ரிஃப்ளெக்ஸ். முதலில் டிம்பனோமெட்ரி (நடுச்செவிச் சோதனை), நடுச்செவியில் நீர் கோத்திருந்தால் ரிஃப்ளெக்ஸ் பதிவாகாது. பிறகு ரிஃப்ளெக்ஸை அளக்கும் புரோபை மறுகாதில் வைத்து, சத்தமில்லாமல் படம் ஓடவிட்டு, ஒரு எலக்ட்ரோடில் அரை வினாடித் தூண்டலைப் படிப்படியாக ஏற்றுங்கள். தூண்டலோடு சேர்ந்து திரையில் ஓடும் கோடு விலக வேண்டும், திரும்பச் செய்தாலும் அதே அளவில் விலக வேண்டும். எச்சில் விழுங்கும்போது வரும் ஆட்டத்தை ரிஃப்ளெக்ஸ் என்று எழுதிவிடக் கூடாது. 226 ஹெர்ட்ஸ் புரோப் ஒலியில் தெரியாவிட்டால் 678 அல்லது 1000 ஹெர்ட்ஸில் பாருங்கள். ஐந்து எலக்ட்ரோடில் கிடைத்தாலே இடைப்பட்டவற்றைக் கணித்துக்கொள்ளலாம். அறுவை அறையில் எடுத்த எண்ணை மட்டும் அப்படியே போடாதீர்கள். மயக்க மருந்து அதை உயர்த்திவிடும்.

இம்பீடன்ஸ் (எலக்ட்ரோடின் மின்தடை) அளவு ஒவ்வொரு வருகையிலும் வேண்டும். 10 கிலோ ஓம் தடையில் 1 மில்லி ஆம்பியர் செலுத்த 10 வோல்ட் தேவை. கருவியால் அவ்வளவு கொடுக்க முடியாதபோது திரையில் எண் ஏறும், காதில் சத்தம் ஏறாது. குழந்தைக்கு இன்னும் எட்டவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஏற்றுவது பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதில் இருக்கும் அக்கறை, அதற்குப் பிறகான வருடங்களில் ஏன் இல்லை? ஒரு குழந்தைக்கு இருபது நிமிடம் என்று அட்டவணை போட்டுவிட்டு ஆடியாலஜிஸ்டை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. நேரத்தை ஒதுக்க வேண்டியது நிர்வாகம்.

கோபத்தில் ஏதும் கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அளக்காமல் ஏற்றாதீர்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்கிறோம். அளந்த எண்களைத் தாளில் எழுதி, ஒரு படியைப் பெற்றோரிடம் கொடுங்கள். ரிஃப்ளெக்ஸ் கிடைக்காத நாளில் "கிடைக்கவில்லை, நடுச்செவியில் நீர்" என்றாவது அந்தக் கட்டத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
செவித்திறன் மறுவாழ்வுப் பணியில் இருப்போர்