கிணற்றுக் கல் தந்தவர்களுக்கு

ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டப் பாடசாலையில் நடந்த பாறைக் கண்காட்சிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

எல்லாம் ஒரு கேள்வியில்தான் தொடங்கியது. "டீச்சர், இவ்வளவு பெரிய மலையில ஒரு சிப்பிகூட ஏன் இல்ல?" என்று தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். நம் மலைநாட்டுப் பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமியின் ஆழத்தில் வெந்து, நெரிந்து, உருமாறியது. அந்தச் சூட்டில், பழைய உயிர்கள் கல்லில் விட்டுப்போன உயிர்ச்சுவடு எதுவும் தங்காது. பதில் சொல்லிவிட்டேன், சரி. ஆனால் உயிர்ச்சுவடையே பார்க்காத பிள்ளைக்கு, அதை வைத்துப் பாறை அடுக்குகளை ஒப்பிடுவதைக் கரும்பலகையில் எப்படிப் புரியவைப்பது?

யாழ்ப்பாணத்துக் கோப்பாய் ஐயா, கிணறு வெட்டும்போது வந்த சுண்ணாம்புக்கல்லைப் பழைய பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் கொடுத்துவிட்டீர்கள். பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கும் தம்பி, அதிலிருந்து ஒரு சீவலை 0.03 மில்லிமீற்றர் வரை தேய்த்து, ஒளி ஊடுருவும்படி ஆக்கித் தந்தீர்கள். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்த அந்தப் பிள்ளை அசையவே இல்லை. உள்ளே அறை அறையாகத் தடுத்த ஒரு சின்ன வட்டம்: தபெரினா மலபாரிகா என்ற ஒற்றைக்கலக் கடலுயிரின் ஓடு. கேரளத்தில் கொல்லம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் இதே ஓடு இருக்கிறது. அது மயோசீன் காலத்தின் முற்பகுதியில், அதாவது ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், வாழ்ந்த உயிர். அப்படியென்றால் இரண்டு கல்லும் ஏறக்குறைய ஒரே காலத்துக் கடலடியில் படிந்தவை. "கடல் நடுவில இருந்தாலும் ரெண்டும் ஒரு வயசுக்காரங்க" என்றாள் அவள். நான் ஒரு தவணை முழுக்கச் சொல்ல நினைத்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

இரத்தினபுரி மாமாவுக்குத் தனியாக ஒரு நன்றி. மாணிக்கக் குழியில் முப்பது வருடம் இறங்கி ஏறியவர். மேல்மண், களி, மணல், அதற்கும் கீழே 'இல்லம' என்ற கற்சரளை என்று ஒரு கண்ணாடிப் போத்தலில் அடுக்கிக் காட்டினீர்கள். அந்தச் சரளையில் நீர்யானை, காண்டாமிருகப் பற்களும் கிடைத்திருப்பதைக் கேட்டுப் பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். இன்று இலங்கைக் காட்டில் இரண்டுமே இல்லையே! அப்புறம் நீங்கள் சொன்னதைத்தான் நான் கொப்பியில் எழுதி வைத்தேன்: ஆறு பழைய எலும்பையும் புது மணலையும் சேர்த்துப் புரட்டிப் போடும், அதனால் பல் கிடந்த மண்ணின் வயதைப் பல்லுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அடுக்கின் காலத்தைச் சொல்வதில் மிகப் பெரிய எச்சரிக்கை அதுதான்.

மேசை தூக்கிய அண்ணன்மார், கொழுந்துக்குப் போகுமுன் விடியற்காலையிலேயே ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்த அம்மாமார், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கோப்பாய் ஐயா, கல்லைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றீர்கள். விஞ்ஞான கூடத்தின் சன்னலோரம் வைத்திருக்கிறோம், பக்கத்திலேயே ஒரு கைவில்லையும்.