அவுஸ்திரேலிய நட்டஈடு: ஊருக்கு வந்து இருப்பவர்களுக்கும் உண்டு

உறவுகளே, சிறுவயதில் அவுஸ்திரேலியப் பள்ளி, விடுதி, தேவாலயம், கழகம் போன்ற இடங்களில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு அந்நாட்டின் தேசிய நிவாரணத் திட்டம் 1,50,000 டொலர் வரை கொடுக்கிறது. கொடுமை 2018 ஜூலை 1க்கு முன் நடந்திருக்க வேண்டும். விண்ணப்ப முடிவு 2027 ஜூன் 30.

இப்போது யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ இருந்தாலும், அவுஸ்திரேலியக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை இருந்தால் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றத்தில் கேட்கும் அளவுக்குச் சாட்சி தேவையில்லை.

விண்ணப்பம் இலவசம். "நான் எடுத்துத் தாறன், பங்கு தாங்கோ" என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று: யாருக்கு என்ன நடந்தது என்று இங்கே எழுத வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம். வெளிநாட்டு உறவுகளின் குழுக்களுக்கு இதைப் பொதுவாக அனுப்பினால் போதும்.