புலி பெருகினால் சிறுத்தை எங்கே போகும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊருக்குள் வரும் சிறுத்தைகளைப் பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காடு சுருங்குவதுதான் காரணம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். மறுக்கவில்லை. ஆனால் அத்தனை பக்கங்களில் புலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

வட சென்னைக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்களுக்குச் சிறுத்தை என்றால் வண்டலூர் பூங்காதான். அங்கே புலியும் சிறுத்தையும் தனித்தனி அடைப்பில் இருப்பதால் அவற்றின் பகை நம் கண்ணில் படுவதில்லை. நான் டியூஷன் எடுக்கும் பையன் ஒருவன், "ரெண்டும் சொந்தக்காரங்கதானே சார், அப்புறம் என்ன சண்டை?" என்றான். பங்காளிச் சண்டைதான். இருவருக்கும் வேண்டியது அதே மான், அதே மறைவிடம்.

புலி கையில் சிக்கினால் சிறுத்தைக்கு உயிர் மிஞ்சுவது அரிது. அதனால் அது காட்டின் ஓரத்துக்கும் தோட்டங்களுக்கும் ஒதுங்குகிறது. உத்தராகண்டின் ராஜாஜி தேசியப் பூங்காவில் சில்லா என்றொரு பகுதி. அங்கிருந்த குஜ்ஜர் மேய்ப்பர்களை வேறிடத்தில் குடியமர்த்திய பிறகு புலிகள் பெருகின, சிறுத்தைகள் வெகுவாகக் குறைந்தன. மிஞ்சிய சிறுத்தைகளின் மலத்தை ஆராய்ந்தால், முன்பைவிட அதிகமாக ஆடு மாடுகளும் சிறு பிராணிகளும்! 2011இல் வெளியான ஆய்வு இது. அங்கே காடு சுருங்கவில்லை என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்.

இலங்கைக் காடுகளில் புலி கிடையாது. அங்குள்ள யால தேசியப் பூங்காவில் சிறுத்தை பட்டப்பகலில் ஜீப் பாதையிலேயே சாவகாசமாக நடக்கிறது.

உருவத்தில் பெரியதுதான் விரட்டும் என்றும் இல்லை. கனடாவில் கேப் பிரெட்டன் தீவை 1955இல் ஒரு கடல்பாலச் சாலை பெருநிலத்தோடு இணைத்தது. அப்புறம் பாப்கேட் என்ற காட்டுப்பூனை உள்ளே வந்தது. அங்கே முன்பே இருந்த, ஏறக்குறைய அதே உருவமுள்ள லின்க்ஸ் என்ற இன்னொரு காட்டுப்பூனை, ஆழமான பனி கிடக்கும் மேட்டுநிலத்துக்கு ஒதுங்கிவிட்டது. லின்க்ஸின் அகன்ற பாதம் பனியில் புதையாது, பாப்கேட்டின் பாதம் புதையும். அந்தப் பனிதான் லின்க்ஸுக்கு அரண்.

நம் சிறுத்தைக்கு அப்படி அரண் ஏதும் இல்லை. இரை தாராளமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் இளைப்பாறலாம். கர்நாடகத்தின் நாகரஹொளேயில் புலி காட்டெருமை, கடமான் என்று பெரிய இரையைப் பார்த்துக்கொள்ள, சிறுத்தை புள்ளிமானோடு பிழைத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் 2006 கணக்கெடுப்பில் 76 புலிகள், 2022இல் 306. மகிழ்ச்சியான செய்திதான், சந்தேகமே இல்லை. அடுத்த கணக்கு வரும்போது உங்கள் செய்தியாளரைக் காட்டை ஒட்டிய தாளவாடிக்கும் கூடலூருக்கும் அனுப்புங்கள். சிறுத்தை தூக்கிய ஆடுகள் எத்தனை, இரவில் பட்டிக்கு வலுவான கூரை போட யாராவது உதவினார்களா, இழப்பீடு எத்தனை மாதத்தில் கைக்கு வந்தது என்று கேட்டு, அதையும் புலிக் கணக்கின் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை