பெட்ரோல் முள் தலைகீழாக ஓடுகிறது: நீங்கள் அனுப்பிய கார் கிட் பற்றி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கமுங்க.

உங்களிடம் கிட்டாக, அதாவது நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்களாக வாங்கிய இரண்டு சீட்டுக் காரை, கிணத்துக்கடவில் எங்கள் தோப்புக் கொட்டகையில் வைத்து நானும் மச்சானும் ஐந்து மாதம் கட்டினோம். இன்ஜின் மட்டும் எங்களுடையது, பழைய மாருதி 800. பந்தய வீரர் கரிவரதன் இந்த இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய ஊர் கோயமுத்தூர். அவர் பெயரில் இருக்கும் செட்டிபாளையம் டிராக்கில் ஓட்ட வேண்டும் என்பது எங்களுடைய பல வருச ஆசை.

டேங்க்கை நிறைத்தால் பெட்ரோல் முள் அடியில் கிடக்கிறது. ஓட்ட ஓட்ட மேலே ஏறுகிறது. முள் உச்சியில் நின்றபோது பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. போன் செய்தால் உங்கள் சர்வீஸ் ஆள், "ஒயரை மாத்திக் குடுத்திருப்பீங்க" என்கிறார். டேங்க்குக்குள் மிதந்து பெட்ரோல் அளவைச் சொல்லும் ஃப்ளோட்டைக் கழற்றி, மல்டிமீட்டர் வைத்து மின்தடை பார்த்தேன். கீழே, அதாவது டேங்க் காலியாக இருக்கும் நிலையில் 10 ஓம்ஸ், நிறைந்த நிலைக்கு மேலே தூக்கினால் 180. மீட்டரின் பின்னால் அச்சடித்திருப்பதோ காலிக்கு 240, நிறைந்தால் 33. ஒன்றுக்கொன்று சேராத இரண்டு ரகத்தை ஒரே பெட்டியில் போட்டு அனுப்பியது நீங்கள். இதில் நான் ஒயரை எங்கே மாற்றினேன்?

ஹெட்லைட் போட்டால் எல்லா முள்ளும் துள்ளியது. பாடி ஃபைபர், அதன் வழியாக எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) கிடைக்காது. டேஷ்போர்டு முழுவதற்கும் மெல்லிசாக ஒரே ஒரு எர்த் ஒயர் கொடுத்திருக்கிறீர்கள். பேட்டரி மைனஸிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுத்தேன், அடங்கிவிட்டது. அதை நானே பார்த்துக்கொண்டேன், போகட்டும்.

அப்புறம் டிராக்கில் நாலு ரவுண்டு போனதும் இன்ஜின் மூச்சு வாங்கி நின்றது. டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகிறது, உடனே ஸ்டார்ட் ஆகிறது. மூடியில் துளை இல்லை, டேங்க்கிலும் காற்றுக் குழாய் இல்லை. உள்ளே காற்று போகாமல் பம்ப் எப்படி பெட்ரோலை இழுக்கும்?

எனக்குத் தூக்கம் போனது பெட்ரோல் ஓஸால்தான். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இரண்டே மாதத்தில் ஓஸ் ஊறி உப்பி, விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று கருப்பாக ஒட்டுகிறது. ஃபில்டர் நிறைய கருப்புத் துகள், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டும் அடைத்துக்கொண்டது. கிளிப் போட்ட இடத்தில் ஈரம் கசிகிறது. அதற்கு ஒரு சாண் கீழே சூடான சைலன்சர். பக்கத்துச் சீட்டில் அன்று என் மகன் உட்கார்ந்திருந்தான்.

மீட்டருக்குப் பொருந்தும் ஃப்ளோட், காற்றுத் துளையுள்ள மூடி, எத்தனால் தாங்கும் ஓஸ் மூன்றையும் உங்கள் செலவில் அனுப்புங்கள். ஒயரை நான் மாற்றிக் கொடுத்ததாக உங்கள் சர்வீஸ் ஆள் சொன்னதை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். இதே கிட் வாங்கிய மற்றவர்களுக்கு ஓஸ் விசயத்தை இந்த வாரமே தெரியப்படுத்துங்கள். என் பாகங்கள் தாமதமானாலும் சரி, இதற்குத் தாமதம் கூடாது. 15 நாளில் பதில் இல்லையென்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் வருடச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

பில், போட்டோ எல்லாம் இணைத்திருக்கிறேன். கழற்றிய ஓஸை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்தால் கையில் தருகிறேன்.

இப்படிக்கு,
கிணத்துக்கடவிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்