மண்டி மாமாவுக்கு ஒரு கடிதம்: பத்துக் கிலோ இலக்கை விடுங்கள், நடையை விடாதீர்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். மாங்காய் சீசன் முடிந்து மண்டியில் இப்போது சற்று மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும். போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, "நடைப்பயிற்சியெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது, மாத்திரையே போதும்" என்று சொல்லிவிட்டீர்கள். அதற்கு அன்றே பதில் சொல்லியிருந்தால் அது வாக்குவாதமாகத்தான் முடிந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன். உங்களைப் போலவே சர்க்கரையோடு நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணகிரி மண்டிக்காரர்கள் பலருக்கும் பயன்படும் என்று நீங்கள் சம்மதித்ததால், இதைப் பொதுவிலேயே வைக்கிறேன்.

உங்களுக்கு மன உறுதி போதவில்லை என்று அக்கா சொல்வதை நான் ஏற்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு லோடு வந்துவிட்டது என்றால் ஒரு சொல் பேசாமல் எழுந்து போகிறவர் நீங்கள். தை மாதத்தில் நீங்கள் வைத்துக்கொண்ட இலக்கில்தான் கோளாறு இருந்தது: மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைய வேண்டும், தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியனாகத் தருமபுரியில் இத்தனை வருடங்களாகப் பிள்ளைகளை ஓடவைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இலக்கு ஒருவரை எழுப்பவும் செய்யும், உட்காரவைக்கவும் செய்யும். எது எப்போது எதைச் செய்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான ஓர் ஆய்விலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர்கள், சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் மட்டுமே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "உங்களால் முடிந்தவரை ஏற்றுங்கள்" என்று சொல்லியும் அது பெரிதாக மாறவில்லை. கேரி லேத்தம் என்ற உளவியலாளர் 94 சதவீதம் என்று ஒரு குறிப்பான இலக்கை வைக்கச் செய்தார். பணமாக எந்த ஊக்கத்தொகையும் கூட்டித் தராமலேயே, சில மாதங்களில் லோடு 90 சதவீதத்தைத் தொட்டது. 1975-ல் வெளியான இந்த ஆய்வும், உளவியலாளர் எட்வின் லாக் 1968-ல் எழுதிய கட்டுரையும் சேர்ந்துதான் இலக்கு பற்றிய இன்றைய அறிவுக்கு அடித்தளம். பொத்தாம்பொதுவாக "முயற்சி செய்கிறேன்" என்பதைவிட, அளந்து பார்க்கக்கூடிய, சற்றே கடினமான இலக்கு மனிதரை அதிகம் உழைக்க வைக்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது.

அப்படியானால் பத்துக் கிலோவும் அளக்கக்கூடியதுதானே என்று கேட்பீர்கள். அளக்கலாம், ஆனால் அது உங்கள் கையில் இல்லை. இன்னும் நான்கு மரத்தை ஏற்றுவதா வேண்டாமா என்பதை அந்த ஓட்டுநர் அந்த இடத்திலேயே முடிவு செய்ய முடிந்தது. உடல் எடையோ உங்கள் தூக்கம், சாப்பாடு, மருந்து, வயது, முந்தைய நாள் உப்பு என்று பலவற்றையும் கேட்டுக்கொண்டு நடக்கிறது. நீங்கள் ஒரு வாரம் ஒழுங்காக நடந்தும், உடலில் நீர் கோத்திருந்தால் தராசு முக்கால் கிலோ கூடுதலாகக் காட்டலாம். அன்று உங்களுக்கு ஏற்பட்ட சலிப்பு இயல்பானது. மேலும், உணவைக் கவனிக்காமல் நடையால் மட்டும் எடை குறைவது மிக மெதுவாகத்தான் நடக்கும். இதற்கிடையில் நடையால் கிடைத்த உண்மையான நன்மையை உங்கள் இலக்கு உங்களுக்குக் காட்டவே இல்லை. வேலை செய்யும் தசை, இன்சுலின் உதவி குறைவாக இருந்தாலும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. எடை ஒரு கிராம்கூடக் குறையாத வாரத்திலும் இது நடந்துகொண்டுதான் இருந்தது.

பத்தாயிரம் அடி என்ற எண்ணும் மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965-ல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர் அது. 2019-ல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் ஆராய்ந்தபோது, நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் ஏறத்தாழ நின்றுபோனது. நீங்கள் ஆறாயிரம் அடி நடந்துவிட்டு "இன்றைக்கும் தோற்றுவிட்டேன்" என்று அக்காவிடம் சொன்ன நாட்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

ஆகவே மாமா, எடையை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு, செயலையே இலக்காக வையுங்கள். உலக சுகாதார அமைப்பு 2020-ல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது என்ற அளவு. வாரம் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாள் வேண்டும் என்றும் அதிலேயே உண்டு. அதை ஐப்பசிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த முப்பது நிமிடம் எங்கே, எப்போது என்பதையும் இப்போதே எழுதிவைத்துவிடுங்கள். இதை வற்புறுத்த எனக்குக் காரணம் இருக்கிறது. 2002-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். உடற்பயிற்சியின் நன்மைகளைப் படித்துவிட்டுப் போனவர்களில் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்கள்தான் அடுத்த வாரம் பயிற்சி செய்தார்கள். அந்த நன்மைகளைப் படிக்காதவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. அதே நன்மைகளைப் படித்து, அதோடு எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று எழுதிக் கொடுத்தவர்களில் 91 சதவீதம் பேர் செய்தார்கள். ஆசை எல்லாக் குழுவுக்கும் இருந்தது. கூடுதலாக இருந்தது அந்த ஒரு வரி மட்டுமே.

உங்களுக்கு அந்த வரி இப்படி இருக்கலாம்: "காலை டீ குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் செருப்பைக் கழற்றி ஷூ போடுவேன், ஆறு மணிக்குத் தெருமுனை தாண்டியிருப்பேன்." தடைகளுக்கும் தனித்தனியே ஒரு வரி வேண்டும். மழை பெய்தால், மண்டிக் கொட்டகைக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. காலையில் லோடு வந்துவிட்டால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. இவற்றை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், அரைத் தூக்கத்தில் நின்றுகொண்டு போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வேலை மிச்சமாகும்.

சித்திரையில் நடை நின்றுபோனதுதான் இதில் முக்கியமான இடம். பெங்களூராவும் அல்போன்சாவும் வந்து குவிந்து, மாங்கூழ் ஆலைகளுக்கு லாரி ஓடிக்கொண்டிருக்கும் மாதங்களில் ஒரே மூச்சில் முப்பது நிமிடம் கேட்பது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். சீசனுக்கு முன்பு வைத்த இலக்கைச் சீசனிலும் பிடித்துத் தொங்கினால், முதல் வாரத்திலேயே அது உடையும். உடைந்த இலக்கு மனிதரை முழுவதுமாக விலக்கிவிடும். சித்திரை முதல் ஆனி வரை மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து பத்து நிமிடம் என்று வேறோர் இலக்கை இப்போதே எழுதிவையுங்கள். அதைச் சலுகை என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரைக்கு அதுவே நல்ல மருந்து.

ஆவணி முதல் நாள் தொடங்கலாம் என்பது என் யோசனை. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். 66 நாள் என்றால் ஐப்பசியின் முதல் வாரம். 254 நாள் என்றாலும் சித்திரை நடுவில், சீசன் சூடுபிடிக்கும் நேரத்துக்கு வந்துவிடுவீர்கள். ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதனால் கல்யாணம், காரியம் என்று ஒரு நாள் போனால் மறுநாள் கணக்கை நிரப்ப இரட்டிப்பாக நடக்க வேண்டாம், வழக்கம்போல் எழுந்து போனால் போதும்.

அன்றைய நிமிடங்களை எங்கே குறிப்பது என்று கேட்பீர்கள். கைபேசிச் செயலியெல்லாம் வேண்டாம். தினமும் இரவு நீங்கள் சிட்டையை முடிக்கும்போது, வரவு செலவுக்குக் கீழே பென்சிலால் நிமிடத்தை எழுதிவிடுங்கள். வாரக் கடைசியில் கூட்டிப் பாருங்கள், 150 வருகிறதா என்று. சர்க்கரைக்கு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். தராசின்மேல் தினமும் ஏற வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியும் பெரிய இலக்கு ஒன்றும் வேண்டும் என்றால், தைப் பொங்கலுக்கு நாம் இருவரும் சையத் பாஷா மலை ஏறுவோம். சிறுவயதில் எத்தனையோ முறை ஏறிய மலை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நடுவில் எத்தனை முறை வேண்டுமானாலும் உட்காரலாம், அவசரமில்லை.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுவிடுங்கள். நீங்கள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரையைத் தாழ்த்திவிடுமா? இதயத்துக்கு ஏதேனும் பரிசோதனை தேவையா? நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே நின்று உட்காருங்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை தாழ்ந்தால் வாயில் போட்டுக்கொள்ள, சட்டைப் பையில் எப்போதும் நான்கு மிட்டாய் இருக்கட்டும். இரவில் ஒருமுறை உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொப்புளம் வலிக்காமலே பெரிதாகலாம்.

நேரம், இடம், மழை வந்தால் என்ன, சீசனில் என்ன என்ற நான்கு வரியையும் உங்கள் கையெழுத்திலேயே எழுதிப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். அக்காவிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்,
தருமபுரி