அட்டையின் அடியில் இருக்கும் சின்ன எழுத்து: சியாட்டில் வட்டாரத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சொந்தங்களே, வணக்கம்.

தேர்தல் நெருங்கினால் நம் வீட்டுத் தபால் பெட்டி நிறைந்து வழியும். எல்லாம் வழவழப்பான அட்டைகள். ஒரு பக்கம் வேட்பாளர் குழந்தையோடு சிரிப்பார், திருப்பினால் எதிராளியின் முகம் கறுப்பு வெள்ளையில் இருக்கும். நான் பல வருடம் அவற்றைப் படிக்காமலே குப்பைக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை ஒன்றைக் கையில் எடுத்து அடியில் பாருங்கள். வேட்பாளர் அல்லாத வேறு அமைப்பு அனுப்பியது என்றால், அதிகப் பணம் கொடுத்த 5 பேரின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அனுப்பியவர்கள் விரும்பிப் போட்டதில்லை, வாஷிங்டன் மாநிலச் சட்டம் போட வைக்கிறது. யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று 1972-இல் இந்த மாநில மக்களே வாக்களித்துச் சட்டமாக்கினார்கள்.

ஆனால் பெயரைப் போட வைக்க முடிகிறதே தவிர, தொகையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2018 மே மாதம் சியாட்டில் நகர மன்றம், பெரிய கம்பெனிகள் ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 275 டாலர் வரி கட்ட வேண்டும் என்று ஒருமனதாக முடிவெடுத்தது. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டுவதற்கான பணம் அது. கம்பெனிகள் எதிர்த்துக் கிளம்பின. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே மன்றம் வரியைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு நகர மன்றத் தேர்தல். அமேசான் மட்டும் சுமார் 15 லட்சம் டாலரை இறக்கியது. அதில் 10 லட்சம் வந்தது அக்டோபரில், வாக்குச்சீட்டுகள் நம் வீடுகளுக்குத் தபாலில் கிளம்பும் நேரத்தில். அந்தப் பணம் போனது சியாட்டில் வர்த்தக சபையின் தேர்தல் நிதிக்கு. அந்தச் சபை ஆதரித்த 7 பேரில் 5 பேர் தோற்றார்கள்.

"பணம் தோற்றுப்போச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. மன்றத்தில் உட்கார்ந்திருப்பவரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அடுத்த வரித் தீர்மானத்துக்குக் கை தூக்கும்போது, இந்த 10 லட்சம் நமக்கு எதிராக வருமா என்ற கணக்கு அவர் மனதில் ஓடாதா? எந்தக் கை தூக்கப்படாமலே போனது என்பது எந்த அட்டையிலும் அச்சாகாது.

மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. மொன்டானாவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1899-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவைக்குப் போகும் செனட்டர்களை மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. வில்லியம் கிளார்க் என்ற செம்புச் சுரங்க முதலாளி உறுப்பினர்களை விலைக்கு வாங்கினார். ஃபிரெட் வைட்சைட் என்ற உறுப்பினர் 30,000 டாலர் அடங்கிய உறைகளை எல்லோர் முன்னாலும் எடுத்துக்காட்டினார். அப்படியும் கிளார்க்கே தேர்வானார். வாஷிங்டன் டி.சி.யில் விசாரணை நடந்த பிறகு 1900-இல் பதவி விலகினார். அந்த அவமானம் மறக்காமல் 1912-இல் மொன்டானா மக்கள் நேரடி வாக்கெடுப்பில், தேர்தலில் கம்பெனிப் பணம் கூடாது என்று சட்டம் செய்தார்கள். அது நூறு வருடம் நின்றது. 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைட்டட் வழக்கில், கம்பெனிகள் வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செய்யும் தேர்தல் செலவுக்கு வரம்பு போடுவது பேச்சுரிமையைப் பறிப்பது, அதனால் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்னது. அதைக் காட்டி 2012-இல் மொன்டானாவின் சட்டமும், அதே 5-4-இல், செத்துப்போனது.

மெய்ன் மாநிலம் 2024-இல் வேறு வழி பார்த்தது. வேட்பாளரோடு சேராமல் தனியாகத் தேர்தலுக்குப் பணம் திரட்டிச் செலவழிக்கும் 'சூப்பர் பேக்' அமைப்புகளுக்கு யாரும் 5,000 டாலருக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று வாக்கெடுப்பு. நான்கில் மூன்று பேர் ஆம் என்றார்கள். 2025 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது.

இப்போது மொன்டானாவிலிருந்தே ஒரு புது யோசனை வந்திருக்கிறது. கம்பெனி என்பது தானாகப் பிறப்பதில்லை, மாநிலச் சட்டம் பதிவுசெய்து உண்டாக்குவது. என்னென்ன அதிகாரம் கொடுப்பது என்பதும் மாநிலத்தின் கையில். தேர்தலுக்குச் செலவிடும் அதிகாரத்தைக் கொடுக்காமலே விட்டால்? பேச்சுரிமையைப் பறித்த கேள்வியே எழாது என்பது அவர்கள் வாதம். நீதிமன்றத்தில் நிற்குமா என்று சொல்ல நான் வக்கீல் இல்லை. ஆனால் நம் மாநிலமும் முயன்று பார்க்க வேண்டிய வழி இது என்று உறுதியாக நம்புகிறேன்.

இதை வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர் தயங்கினார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நமக்குச் சோறு போடுற கம்பெனிக்கு எதிராப் பேசலாமா?" நானும் ஒரு பெரிய கம்பெனியில்தான் சம்பளம் வாங்குகிறேன், அதன் பங்குகள் என் கணக்கிலும் இருக்கின்றன. வாங்கும் சம்பளத்துக்கு உண்மையாக உழைக்கிறோம். அந்தக் கணக்கு அங்கே தீர்ந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு எவ்வளவு பணம், ஊருக்குள் பஸ் எப்போது வரும் என்பதை முடிவுசெய்கிறவரை யார் அனுப்புவது என்பது வேறு கணக்கு.

சரி, என்ன செய்யலாம்?

சியாட்டில் நகருக்குள் இருப்பவர்களுக்கு 'டெமாக்ரசி வவுச்சர்' இருக்கிறது. 2015-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்தது. 25 டாலர் வீதம் 4 வவுச்சர். பிடித்த வேட்பாளர் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், கையெழுத்துப் போட்டு அவருக்குக் கொடுக்கலாம். பணம் நகரத்தின் சொத்து வரியிலிருந்து வருகிறது. நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம், கிரீன் கார்டு இருந்தாலே போதும். வாக்காளர்களுக்குத் தானாகத் தபாலில் வரும், கிரீன் கார்டுக்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டும். 2027 நகரத் தேர்தலுக்கு முன் செய்துவிடுங்கள்.

ரெட்மண்ட், பாத்தல், சமாமிஷ் பக்கம் இருப்பவர்களுக்கு இது கிடையாது. ஆனால் உள்ளூர் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால் எந்த நகரமும் தொடங்கலாம் என்று மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. நகர மன்றக் கூட்டத்தில் கேட்க இரண்டு நிமிடம் போதும்.

நம் மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் ஜனவரியில் சட்டமன்றம் கூடும். உங்கள் தொகுதி உறுப்பினர் மூவருக்கும், மொன்டானா யோசனையை இங்கேயும் கொண்டுவரச் சொல்லி எழுதுங்கள். பெரிய ஆங்கிலம் தேவையில்லை. 'இந்தத் தொகுதியில் குடியிருக்கிறேன், இது எனக்கு முக்கியம்' என்று நான்கு வரி போதும்.

சனிக்கிழமை தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு நாம் காரில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த நேரத்தில் வந்து பேசுங்கள். வவுச்சர் விண்ணப்பத்தை அச்செடுத்துக் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்