ரியோவும் நம்ம மலையும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கோத்தகிரியில் பனி கொழுந்தைக் கருக்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே ஹட்டனில் மழை விட்டபாடில்லை. வீட்டில் எல்லாரும் சுகம்.

மகன் போனில் ஏற்றிக்கொடுத்ததிலிருந்து ஒரு ஆல்பத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். டுரான் டுரான் என்ற இங்கிலாந்துப் பாப் குழுவுடைய 'ரியோ', 1982இல் வந்தது. பர்மிங்ஹாம் பையன்கள், லண்டனில் பதிவு செய்த பாட்டுகள், பேரோ பிரேசில் ஊர்ப் பேர். ஆனால் மூன்று பாட்டுக்கு வீடியோ எடுத்தது நம்ம இலங்கையில்! 'சேவ் எ பிரேயர்' பாட்டில் சிகிரியாப் பாறை உச்சியில் நிற்கிறார்கள், ஹெலிகாப்டர் சுற்றிச் சுற்றி வருகிறது, அப்புறம் பொலன்னறுவைப் புத்தர், கடற்கரை. அப்போது அமெரிக்காவில் எம்டிவி என்ற பாட்டு டிவி தொடங்கி ஒரு வருசம்கூட ஆகவில்லை. அதில் ஓயாமல் போட்டுத்தான் 'ஹங்ரி லைக் த வுல்ஃப்' 1983இல் அங்கே மூன்றாம் இடம் வரை ஏறியது.

நம்ம அரசாங்க டிவி ரூபவாஹினி தொடங்கியதும் அதே 1982 பெப்ரவரியில்தான், மச்சான். அதன் கோபுரம் நம்ம பிதுருதலாகலை உச்சியில். நாடு முழுக்கப் படம் காட்டும் கோபுரம் மலையகத்தில் நிற்கிறது, அந்த வருசம் இலங்கையை உலகத்துக்குக் காட்டிய படங்களில் மலையகம் இல்லை. அந்தப் பையன்களைக் குற்றம் சொல்லவில்லை, பாட்டுகள் எனக்கு உயிர், அதிலும் 'சேவ் எ பிரேயர்' தொடங்கும்போது வரும் அந்த சிந்தசைசர் ஒலி நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அவர்கள் ஹெலிகாப்டரில் பறந்த அதே வருசம்தான் மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி பாஸ்போர்ட் வந்து நீங்கள் கிளம்பினீர்கள். தோட்டத்து லய வீட்டு வாசலில் உங்கப்பா குந்தியிருந்து தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் பேரையும் கீழே கப்பலேறும் இடம் தலைமன்னார் என்றும் எழுத, உங்கம்மா அம்மிக்கல்லை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சாக்கில் கட்டிக்கொண்டிருந்தது. பிறகு உங்களை ஏற்றிப்போன ரயில், அந்த ஒப்பாரிக் கோச்சி. அதை யார் படம் எடுத்தார்கள்? பிளாட்பாரம் முழுக்க ஆள் விழுந்து அழுததை ஒருத்தராவது கேமராவில் பிடித்திருந்தால் இன்றைக்குப் பிள்ளைகளுக்குக் காட்டலாமே.

அதனால் இந்த ஆல்பம் எனக்கு நீங்கள் போன வருசத்தின் ஆல்பம் ஆகிவிட்டது, அவர்களுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும்.

நீயும் ஒருதடவை கேள், கேட்டுவிட்டு எழுது. இன்னொன்று, அவர்கள் வந்தது ஏப்ரல் வாக்கில். நீங்கள் கப்பலேறியது எந்த மாதம்? உங்கம்மாவிடம் கேட்டால் தேதியோடு சொல்லும்.

அன்புடன்,
உன் மச்சான்